பாசம் இருந்தும் போய்ச்சேராத வீடுகள்: 'தி ஐஸ் ஸ்டார்ம்' குறித்த ஒரு கேள்விக்கு விரிவான பதில்

ஆங் லீ இயக்கிய 'தி ஐஸ் ஸ்டார்ம்' படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். வறுமையோ அடிதடியோ வில்லனோ இல்லாத இந்தக் குடும்பங்களில், நல்ல வீடும் வேலையும் படிக்கிற பிள்ளைகளும் இருந்தும், ஏன் ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல் வாழ்கிறார்கள்? பெரியவர்களின் ஒழுக்கக்கேட்டுக்குத் தண்டனையாகத்தான் அந்தப் பையன் சாகிறானா? அமெரிக்கப் புறநகர்க் குடும்பங்கள் உண்மையிலேயே இப்படித்தானா? கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: படத்தில் ஒருவரைக்கூடப் பிடிக்கவில்லை, ஆனாலும் மனம் அதிலிருந்து மீள மறுக்கிறது என்று. முதல் மூன்று கேள்விகளும் இந்த வரியிலிருந்தே பிறந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. பிடிக்காத மனிதர்களுக்காக நாம் ஏன் இவ்வளவு வருந்துகிறோம் என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்கு விடை கிடைத்தால் மற்றவற்றுக்கும் பெரும்பாலும் கிடைத்துவிடும். படத்தின் முடிவு வரை பேசியாக வேண்டியிருப்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

திரைப்படக் கல்வி வகுப்புகளில் காட்சியமைப்பையும் படத்தொகுப்பையும் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். குடும்ப நாடகங்களைப் பாடமாக எடுக்கும்போது இந்தப் படத்தைத் தவறாமல் திரையிடுவேன். எனவே திரையில் என்ன நடக்கிறது, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை உறுதியோடு சொல்ல முடியும். படம் காட்டும் காலத்தின் வரலாற்றைப் பற்றிச் சொல்வனவும் சரிபார்க்கக்கூடியவை. ஆனால் குடும்ப உளவியல் என் துறை அன்று. ஒரு தகப்பன் ஏன் மகனிடம் மனம்விட்டுப் பேச முடியாமல் போகிறான் என்பதற்கு நான் தரும் விளக்கம், கவனமாகப் படம் பார்க்கும் ஒருவரின் ஊகம் என்ற அளவிலேயே கொள்ளத்தக்கது. எது எந்த வகை என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிச் செல்கிறேன்.

முதலில் உறுதியான விவரங்கள். ரிக் மூடி 1994இல் வெளியிட்ட நாவலைத் தழுவி ஜேம்ஸ் ஷேமஸ் எழுதிய திரைக்கதை இது. படம் வெளிவந்த 1997இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருதைப் பெற்றது. நியூயார்க் நகருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் வசதியானவர்கள் வாழும், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ கேனன் என்ற ஊரில், 1973ஆம் ஆண்டின் நன்றி நவிலும் நாளை (அமெரிக்கர்கள் குடும்பமாகக் கூடி விருந்துண்ணும் நவம்பர் விடுமுறை) ஒட்டிய சில நாள்களில் கதை நடக்கிறது. ஹூட் குடும்பத்தில் பென், எலெனா, பிள்ளைகள் பால், வெண்டி; அருகில் வாழும் கார்வர் குடும்பத்தில் ஜிம், ஜேனி, பிள்ளைகள் மைக்கி, சாண்டி. பென்னுக்கும் ஜேனிக்கும் கள்ள உறவு இருக்கிறது. வெண்டி முதலில் மைக்கியோடும் பிறகு அவன் தம்பி சாண்டியோடும் விடலைத்தனமான நெருக்கம் கொள்கிறாள். பனிமழை கொட்டும் இரவில் பெரியவர்கள் ஒரு விருந்துக்குப் போகிறார்கள். ஆண்கள் கார்ச் சாவிகளை ஒரு கிண்ணத்தில் போட, பெண்கள் கைக்கு வந்த சாவியை எடுத்து அந்தச் சாவிக்குரியவரோடு போகும் விருந்து அது. அதே இரவில் தனியாக வெளியே சுற்றும் மைக்கி, அறுந்து விழுந்த மின்கம்பி சாலையோரத் தடுப்புக் கம்பியைத் தொட்டதால் மின்சாரம் பாய்ந்து இறக்கிறான். விடியற்காலையில் உடலைக் கண்டெடுத்து அவன் வீட்டுக்குச் சுமந்து வருபவர் பென்.

இந்தக் கதைச்சுருக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், உறவுகள் அற்றுப்போன மனிதர்களின் கதை என்றே யாரும் சொல்வார்கள். ஆனால் படத்தை உற்றுப் பார்த்தால் உறவுகள் அற்றுப்போகவே இல்லை என்பது தெரியும். வெண்டி கடையில் ஒரு சிறு பொருளைத் திருடுகிறாள். பின்னர் தாய் எலெனாவும் ஒரு கடையில் அதையே செய்கிறாள், பிடிபட்டு அவமானப்படுகிறாள். மிதிவண்டியில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் மகளைப் பார்த்து எலெனா மலைத்து நிற்கிறாள்; பிறகு தானும் ஒரு மிதிவண்டியை எடுத்துக்கொண்டு புறப்படுகிறாள். தாயும் மகளும் ஒரே ஏக்கத்தால் ஆனவர்கள். சலிப்பும், பிடிபட்டால்தான் தான் இருப்பதை யாரேனும் கவனிப்பார்கள் என்ற தவிப்பும் இருவருக்கும் ஒன்றுதான். இதை எலெனா அரைகுறையாக உணர்கிறாள், வெண்டி அறியவே மாட்டாள். முழுமையாக அறிந்தவர்கள் இருக்கையில் அமர்ந்திருக்கும் நாம் மட்டுமே. இந்தப் படத்தின் அடிப்படைக் கட்டுமானம் இதுதான் என்பது என் முடிவு. உறவுகள் அனைத்தும் அப்படியே இருக்கின்றன, நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றைப் பார்க்கக்கூடிய இடத்தில் அந்த வீட்டார் ஒருவர்கூட நிற்கவில்லை. யாரையும் பிடிக்காமலே நாம் வருந்துவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பாத்திரங்களிடம் நமக்கு உண்டாவது அன்பைவிட, அவர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று நம்மிடம் இருந்தும் சொல்ல முடியாமல் இருக்கும் நெருக்கடியே.

'பேச்சே இல்லாத வீடுகள்' என்றும் எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு திருத்தம் தேவை. இவர்கள் நிறையவே பேசுகிறார்கள். பேச்சு எல்லாம் இரவல் பேச்சாக இருப்பதுதான் சிக்கல். விடுதிப் பள்ளியிலிருந்து விடுமுறைக்கு வரும் பாலை ரயில் நிலையத்திலிருந்து காரில் அழைத்து வரும்போது, தகப்பனுக்குரிய கடமையைச் செய்துவிட வேண்டும் என்ற முனைப்பில், பருவ வயதுப் பையன்களின் அந்தரங்கப் பழக்கம் பற்றி பென் ஓர் அறிவுரையைத் தொடங்குகிறார். குளிக்கும்போது வேண்டாம், தண்ணீரும் மின்சாரமும் வீணாகும் என்கிற அளவில் அது போய் நிற்கிறது. வகுப்பில் எல்லோரும் சிரிக்கும் காட்சி. ஆனால் பென்னாக நடிக்கும் கெவின் க்ளைனின் முகத்தைப் பாருங்கள்: மகனிடம் நெருங்க வேண்டும் என்ற மெய்யான ஆசை அதில் இருக்கிறது, அந்த ஆசைக்கேற்ற சொல் ஒன்றுகூட அவர் கைவசம் இல்லை. வெண்டியைத் தன் இளைய மகனோடு கையும் களவுமாகப் பிடிக்கும் ஜேனி, உடல் ஒரு கோயில் என்று தொடங்கி, சமோவாத் தீவில் பருவ வயதினரைக் காட்டுக்கு அனுப்பும் வழக்கம் வரை போகிறாள். அந்தக் காலத்தில் படித்த வர்க்கத்தார் வீடுகளில் புழங்கிய மானுடவியல் புத்தகங்களின் எதிரொலி அது. அவள் சொல்ல நினைத்தது அநேகமாக, 'எனக்குப் பயமாக இருக்கிறது, என் பிள்ளையை விட்டுவிடு' என்பதாக இருக்கலாம். வெளியூர்ப் பயணம் முடிந்து வீடு திரும்பிய ஜிம், தான் வந்துவிட்டதாக மகன்களிடம் உற்சாகமாக அறிவிக்கிறார். அவர் ஊரில் இல்லை என்பதே தனக்குத் தெரியாது என்பதுபோல மகனிடமிருந்து ஒரு கேள்வி வருகிறது. மகனின் குரலில் கோபமோ குத்தலோ இல்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நீண்டகாலப் புறக்கணிப்பை விவரிக்க வேறு படங்கள் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் இடத்தில், ஷேமஸின் திரைக்கதைக்கு இரண்டே வரிகள் போதுமாக இருக்கின்றன.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் படத்தில் இருக்கிறது. 'இவர்களிடம் பாசமே இல்லையா' என்ற உங்கள் ஐயத்துக்கு என்னிடம் இருக்கும் மிக வலுவான விடை அதுதான். கார்வர் வீட்டு நிலவறையில் வெண்டியையும் மைக்கியையும் பென் கண்டுபிடிக்கிறார். வெண்டி அப்போது அதிபர் நிக்சனின் முகமூடியை அணிந்திருக்கிறாள். பென் கத்துகிறார், கண்டிக்கிறார், மகளை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறார். கண்டிக்கும் தகுதி அந்த வீட்டில் அவருக்கு இல்லை என்பது நமக்குத் தெரியும்; மகளுக்கும் தெரிந்திருக்கலாம். இருவரும் குளிரில் மரங்களினூடே நடக்கிறார்கள். கால் விரல்கள் சில்லிட்டிருக்கின்றனவா என்று கேட்கிறார். பிறகு தூக்கிக்கொள்கிறார். தூக்கிச் சுமக்கும் வயதை அவள் எப்போதோ தாண்டிவிட்டாள். ஆனாலும் மறுக்காமல் தகப்பனின் தோளில் சாய்ந்துகொள்கிறாள். கண்டிப்பிலும் அறிவுரையிலும் போய்ச்சேராத ஒன்று இங்கே சில விநாடிகளில் போய்ச்சேர்ந்துவிடுகிறது. சொற்கள் எங்கே ஓய்கின்றனவோ அங்கேதான் இந்தக் குடும்பம் குடும்பமாக இருக்கிறது. ஆங் லீ இந்தக் காட்சிக்கு எந்த அழுத்தமும் கொடுக்காமல் கடந்துபோகிறார். அதனாலேயே முதல் முறை பார்க்கும் பலர் இதைக் கவனிப்பதில்லை. மாணவர்களிடம் படத்தில் அன்பான காட்சி ஒன்றைச் சொல்லச் சொன்னால், ஒன்றும் இல்லை என்று பதில் வருவது வழக்கம்.

பனிமழை இரவின் நீண்ட பகுதியில் படத்தொகுப்பாளர் டிம் ஸ்கொயர்ஸ் செய்திருப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களின் விருந்து, கார்வர் வீட்டில் வெண்டியும் சாண்டியும், நியூயார்க் நகரில் தான் விரும்பும் பெண்ணின் வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கும் பால், வெட்டவெளியில் மைக்கி என நான்கு இடங்களுக்கிடையே படம் மாறிமாறிச் செல்கிறது. இரு குடும்பங்களின் எட்டுப் பேரும் ஒருவர் எங்கே இருக்கிறார் என்று மற்றவர் அறியாமல் சிதறிக் கிடக்கும் அந்த இரவில், அவர்களை ஒன்றாக வைத்திருப்பது வெட்டும் ஒட்டும் தவிர வேறெதுவும் இல்லை. ஒரு காட்சியின் கடைசி அசைவு அடுத்த காட்சியின் முதல் அசைவுக்கு விடை சொல்வதுபோல இணைப்புகள் அமைந்திருக்கின்றன. மைக்கில் டானாவின் இசை இதற்குத் துணை நிற்கிறது. இந்தோனேசியாவின் கேமலான் வாத்தியங்களின் உலோக ஒலியையும் அமெரிக்கப் பழங்குடியினரின் புல்லாங்குழலையும் அவர் பயன்படுத்தியிருக்கிறார். புறநகர்க் குடும்பக் கதைக்கு எதிர்பார்க்கக்கூடிய பியானோ உருக்கம் இல்லாததால், பாத்திரங்களைச் சற்றுத் தள்ளி நின்று, வேறொரு மக்களின் சடங்குகளைக் காண்பதுபோல நாம் காண்கிறோம். உங்களுக்குக் குளிர்ச்சியாகத் தோன்றியது இந்தத் தொலைவாகவும் இருக்கலாம்.

இனி மைக்கியின் சாவு. ஒழுக்கக்கேட்டுக்குத் தண்டனை என்ற வாசிப்பை நான் ஏற்கவில்லை, ஆனால் அதற்கு இடமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஏற்காததற்குக் காரணம், கதைக்குள் காரண காரிய வரிசை அப்படி அமையவில்லை. மரக்கிளைகள் பனியின் பாரம் தாங்காமல் முறிவதும் கம்பிகள் அறுவதும் விருந்து நடந்தாலும் நடக்காவிட்டாலும் நடந்தே தீரும். பெரியவர்கள் செய்த பிழைகளில் மைக்கிக்கு எந்தப் பங்கும் இல்லை. பாத்திரங்களிலேயே மிகவும் திறந்த மனமுடையவன் அவன்தான்: ஒரு பொருளை முகர்ந்தால் அதன் மூலக்கூறுகளே நமக்குள் வருகின்றன, அவற்றின் வழியாக நாம் வெளியுலகோடு இணைந்திருக்கிறோம் என்று பள்ளியில் அவன் ஓர் உரை நிகழ்த்துகிறான். யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. மனிதர்கள் இணைந்திருப்பதைப் பற்றி இந்தப் படத்தில் நேரடியாகப் பேசும் ஒரே ஆள் அவன், அதையும் வேதியியலாகத்தான் பேசுகிறான். பனி போர்த்திய உலகின் அழகு அவனை வெளியே இழுக்கிறது. கொட்டும் பனிமழையில் ஒரு சிறுவன் எங்கே போகிறான் என்று கேட்க வீட்டில் பெரியவர் ஒருவரும் இல்லை என்ற அளவில் மட்டுமே பெற்றோரின் பொறுப்பைப் படம் தொடுகிறது. கேட்டிருந்தாலும் அவன் போயிருக்கலாம். இந்த 'இருக்கலாம்' கடைசிவரை தீர்க்கப்படுவதில்லை, தீர்க்காமல் விட்டதே நேர்மை என்பது என் மதிப்பீடு. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முறைகேடான ஓர் இரவு, அதே இரவில் ஒரு சாவு, அந்த உடலைக் கண்டெடுப்பவர் அதே பென் என்று நிகழ்வுகள் இவ்வளவு நெருக்கமாக அடுக்கப்படும்போது, பார்வையாளர் மனம் குற்றம், தண்டனை என்று கோத்துப் பார்ப்பது இயல்பு. அதைத் தடுக்கத் திரைக்கதை போதிய முயற்சி எடுக்கவில்லை. பெரியவர்களை அழவைக்க ஒரு பிள்ளையைச் சாகடிப்பது இந்த வகைப் படங்களில் அளவுக்கு மீறிக் கையாளப்பட்ட உத்தி, இப்படமும் அதிலிருந்து முற்றிலும் தப்பவில்லை.

அந்த உத்தியை மிகச் சரியாகக் கையாண்ட படம், ராபர்ட் ரெட்ஃபோர்ட் முதன்முதலாக இயக்கிய 'ஆர்டினரி பீப்பிள்'. ஜூடித் கெஸ்ட் 1976இல் எழுதிய நாவலின் திரைவடிவம்; 1980இல் வெளிவந்து, சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. சிகாகோவுக்கு வடக்கே இல்லினாய் மாநிலத்தின் லேக் ஃபாரஸ்ட் என்னும் செல்வப் புறநகரில் நடக்கும் கதை. இங்கே பிள்ளையின் சாவு படம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது: மூத்தவன் பக் படகு விபத்தில் மூழ்கிவிட்டான், உயிர் தப்பிய இளையவன் கான்ராட் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையிலிருந்து திரும்பியிருக்கிறான். எனவே சாவு திருப்பமாக வராமல், வீட்டுக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. அந்தப் படத்தில் புகைப்படம் எடுக்கும் ஒரு காட்சி வரும். தாய் பெத்தையும் கான்ராடையும் சேர்த்து நிறுத்தித் தகப்பன் கால்வின் படம் எடுக்க முயல்கிறார். பெத் புன்னகை மாறாமல், ஆண்கள் சேர்ந்து நில்லுங்கள், நான் எடுக்கிறேன் என்று கேமராவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். ஒரு நிமிடம்கூட இல்லாத இந்தத் தள்ளுமுள்ளு, கான்ராட் வெடித்துக் கத்துவதில் முடிகிறது. மகனோடு ஒரே சட்டகத்தில் நிற்க முடியாத தாய் என்ற உண்மை, சட்டகம் என்ற கருவியைக் கொண்டே காட்டப்படுகிறது. பின்னொரு காட்சியில் கான்ராட் தாயைக் கட்டிக்கொள்கிறான். அவள் கைகள் அசையவில்லை. தொலைக்காட்சியின் கலகலப்பான முகமாக அமெரிக்கர்கள் அறிந்திருந்த மேரி டைலர் மூரை அந்த வேடத்துக்குத் தேர்ந்தது ரெட்ஃபோர்டின் நுட்பம். பெத்தைக் கல்நெஞ்சக்காரி என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் ஒதுக்க மாட்டேன். துக்கத்தைத் திறந்தால் தான் சிதறிவிடுவோம் என்று அஞ்சுகிற பெண்ணாகவே அவள் எனக்குத் தெரிகிறாள். ஆனால் இது மூரின் நடிப்பிலிருந்து நான் எடுக்கும் பொருள், திரைக்கதையில் எழுதிவைக்கப்பட்டதன்று.

புறநகர்க் குடும்பங்கள் உண்மையிலேயே இப்படித்தானா என்ற கேள்விக்கு வருவோம். இங்கே மிகுந்த எச்சரிக்கை வேண்டும், ஏனெனில் படங்கள் சமூக ஆய்வுகள் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடு திரும்பிய படைவீரர்களுக்கு 1944ஆம் ஆண்டின் சட்டம் எளிய வீட்டுக் கடனை உறுதிசெய்தது. 1947இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கப்பட்ட லெவிட்டவுன் என்ற குடியிருப்புத் திட்டம், ஒரே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான சிறு வீடுகளைக் கட்டித் தந்தது. 1956இல் கூட்டரசு நெடுஞ்சாலைச் சட்டம் நகரங்களிலிருந்து வெளியேறும் பாதைகளை விரித்தது. லெவிட்டவுன் ஒப்பந்தங்களில் கறுப்பினத்தவர் குடியிருக்கக் கூடாது என்ற விதி இருந்தது. படத்தில் காணும் ஊர் முழுக்க வெள்ளையராக இருப்பதற்குப் பின்னால் இத்தகைய வரலாறும் உண்டு. விருந்து மேசையில் நன்றி சொல்லச் சொன்னால் வெண்டி பழங்குடியினரைக் கொன்று நிலம் பறித்ததற்கு நன்றி சொல்கிறாளே, அந்தச் சிறுமிக்கு மட்டும் இது ஓரளவு புரிந்திருக்கிறது. ஆனால் இந்த வீடமைப்பே மனிதர்களைத் தனிமைப்படுத்தியது என்ற பரவலான கருத்து எளிதில் ஏற்கத்தக்கதன்று. சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ், நியூஜெர்சியில் புதிதாக எழுந்த மற்றொரு லெவிட்டவுனில் 1958 முதல் இரண்டாண்டுகள் தாமே குடியிருந்து ஆராய்ந்து, 1967இல் நூலாக வெளியிட்டார். நகரத்து அறிவாளிகள் கற்பனை செய்த சலிப்பையும் வெறுமையையும் அவர் அங்கே பெரிய அளவில் காணவில்லை. பெரும்பாலோர் தாங்கள் விரும்பிய வாழ்க்கையே கிடைத்ததாக நிறைவோடு இருந்தனர். அவர் கண்ட விதிவிலக்குகளுள் முக்கியமானவர்கள் பருவ வயதினர்: போக இடமும் செய்ய வேலையும் இல்லாமல் அவர்கள் தவித்தனர். இந்த ஒரு புள்ளியில் ஆய்வும் படமும் ஒத்துப்போகின்றன.

இன்னொரு சான்று பெட்டி ஃப்ரீடன் 1963இல் வெளியிட்ட நூல். கல்லூரி முடித்துப் புறநகர் இல்லத்தரசிகளாகிவிட்ட பெண்களின் பெயரிட முடியாத மனக்குறையை அவர் எழுதினார். அவர் குற்றஞ்சாட்டியது முதன்மையாகப் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட பாத்திரத்தையே, ஊரின் அமைப்பு அவருக்கு இரண்டாம்பட்சம். எலெனாவையும் ஜேனியையும் இந்த நூலின் வழியாகப் பார்த்தால், ஒருத்தி கடையில் திருடுவதும் மற்றவள் சலிப்பாகக் காதலனைப் படுக்கையில் விட்டுவிட்டு எழுந்து போவதும் ஒரே நோயின் இரு குறிகளாகத் தெரியும். எனவே என் விடை இப்படி அமையும்: புறநகர் எல்லாக் குடும்பங்களையும் உறையவைத்தது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, சில குடும்பங்களில், குறிப்பாகப் பெண்களிடமும் பருவப் பிள்ளைகளிடமும், ஏற்கெனவே இருந்த பிளவை அது மறைத்துவைக்க உதவியது என்பது நம்பத்தக்கது. இடைவெளி விட்டுக் கட்டிய வீடு, ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கார் என்றிருந்தால் சண்டை போடாமலே காலம் தள்ளிவிடலாம். திரைப்பட இயக்குநர்கள் இந்தக் களத்தை விரும்புவதற்கும் அதுவே காரணம்: வறுமையும் நோயும் போரும் விலக்கப்பட்ட இடத்தில் துயரத்துக்கு வேறு சாக்கு எதுவும் கிடைக்காது, உறவை மட்டுமே காட்டியாக வேண்டும். டக்ளஸ் சர்க் 1955இல் எடுத்த 'ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்' படத்தில் விதவைத் தாய்க்குப் பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைப் பரிசாகத் தருவார்கள். அணைந்த திரையில் அவள் முகம் மட்டும் பிரதிபலிக்கும். இந்த வகைப் படங்களின் தலைமுறை அங்கிருந்தே நீள்கிறது.

1973 என்ற ஆண்டும் தற்செயலாகத் தேர்ந்ததன்று. அந்த நவம்பரில், வாட்டர்கேட் ஊழலில் சிக்கியிருந்த நிக்சன் தான் மோசடிக்காரன் அல்ல என்று தொலைக்காட்சியில் நாட்டுக்குச் சொன்னார். அக்டோபரில் தொடங்கிய அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வசதியான வாழ்க்கையின் அடித்தளத்தை அசைத்தது. நாட்டின் தலைவரே பொய் சொல்கிறார் என்பதை வீட்டுப் பெட்டியில் பார்த்து வளரும் வெண்டி, அவர் முகமூடியையே அணிந்துகொண்டு பெரியவர்களின் உலகத்துக்குள் நுழைகிறாள். ஒரு திருத்தம் மட்டும்: கனெக்டிகட்டை உலுக்கிய நிஜமான பனிமழை அந்த ஆண்டு டிசம்பர் நடுவில் வந்தது. கதை அதை நன்றி நவிலும் நாளோடு சேர்த்து வைத்திருக்கிறது.

ஆங் லீயின் பங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தின் குளிர்ச்சி இயக்குநரின் வெறுப்பிலிருந்து வருகிறதா என்பது நியாயமான ஐயம். தைவானில் பிறந்து வளர்ந்து இளைஞராக அமெரிக்கா வந்தவர் அவர். 1994இல் அவர் எடுத்த 'ஈட் டிரிங்க் மேன் உமன்' படத்தில், சமையல் கலைஞரான தகப்பன் மூன்று மகள்களுக்கு ஞாயிறுதோறும் விருந்து சமைப்பார். சொல்ல வராத பாசம் எல்லாம் தட்டுகளில் ஏறிவிடும். பேசத் தெரியாத தகப்பன்மாரை அவர் இதற்கு முன்பே பலமுறை பரிவோடு படமாக்கியவர். நியூ கேனன் வீட்டில் விருந்து மேசை இருக்கிறது, அதில் பாசத்தை ஏற்றி அனுப்பும் வழக்கம் மட்டும் தேய்ந்துபோயிருக்கிறது. வெளியிலிருந்து வந்தவர் என்பதால் அவருக்கு இந்த இழப்பு கூர்மையாகத் தெரிந்திருக்கலாம் என்று நினைக்கிறேன், இது ஊகமே. 1999இல் வந்த 'அமெரிக்கன் பியூட்டி' இதே களத்தில் நின்றாலும், தன் பாத்திரங்களில் பாதிப் பேரைக் கேலிச்சித்திரமாக்கிவிட்டு நாயகனுக்கு மட்டும் சலுகை காட்டுகிறது. அதோடு ஒப்பிடும்போது ஆங் லீ எட்டுப் பேரில் ஒருவரையும் கைவிடவில்லை என்பது தெளிவாகும்.

கடைசிக் காட்சியில் பாலை அழைத்துப்போக வந்த பென், காருக்குள் குடும்பத்தின் எதிரிலேயே உடைந்து அழுகிறார். படம் அங்கே முடிகிறது. அவர் திருந்திவிட்டார், குடும்பம் இனிச் சேர்ந்துவிடும் என்று சொல்லத் திரையில் ஆதாரம் எதுவும் இல்லை; சேராது என்று சொல்லவும் இல்லை. நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: படம் முழுக்க நமக்கு மட்டுமே தெரிந்திருந்த ஒரு மனநிலை, அந்தக் காருக்குள் முதல் முறையாக மற்ற மூவருக்கும் தெரிகிறது. மீண்டும் பார்ப்பதாக இருந்தால் முதலில் 'ஆர்டினரி பீப்பிள்' பாருங்கள். அதில் மனநல மருத்துவர் ஒருவர் இருக்கிறார், பேச்சு குணப்படுத்தும் என்ற நம்பிக்கை இருக்கிறது, துயரத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. பிறகு 'தி ஐஸ் ஸ்டார்ம்' பார்க்கும்போது, அந்த மூன்று உதவிகளும் எடுக்கப்பட்டுவிட்ட குடும்பம் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனிக்க முடியும். அந்த இரண்டாம் முறையில் கதையை விட்டுவிட்டு ஜோன் ஆலன் நடித்த எலெனாவை மட்டும் பின்தொடருங்கள். அவள் முகத்தில் ஒரு கேள்வி எழும் ஒவ்வொரு முறையும், அவள் எதிரில் இருப்பவர் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.